மானியம் யாருடைய பணம்?



அண்மையில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, நமது கடற்கரை ஊர்களில் ஒன்றின் பள்ளிவாசல் ஹவ்ளு அருகே ஓர் இளைஞர் என்னை நிறுத்தினார். வளைகுடாவில் 9 ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்.

"ஹஜ்ரத், இனிமேல் சபுர் போக வேண்டாம் என்று வாப்பா சொல்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பால் தொழில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அரசாங்கம் மானியம் தருகிறதாம். அதை வாங்கலாமா, கூடாதா?"

விசாரித்தபோது கதை நீண்டது. அவர் ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார். முதலில் கடன், பிறகுதான் மானியம் என்று சொல்லியிருக்கிறார்கள். வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு புரோக்கர் வீடு தேடி வந்திருக்கிறார். "மாடே வாங்க வேண்டாம் தம்பி. பக்கத்து ஊர்க் கொட்டகையில் நிற்கிற மாடுகளோடு ஒரு போட்டோ, நான் தருகிற ஒரு பில். வருகிற மானியத்தில் பாதி உனக்கு, பாதி மற்றவர்களுக்கு" என்பது அவர் காட்டிய வழி!

சகோதரர்களே! ஒரு வாசலில் வட்டி. இன்னொரு வாசலில் மோசடி. அல்லாஹ்வுக்கு அஞ்சிய அந்த இளைஞர் இரண்டையும் விட்டுவிட்டு நடுத்தெருவில் நிற்கிறார். வட்டியும் மோசடியும் இல்லாத மூன்றாவது வாசல் ஒன்று இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. ஜமாஅத் சொல்லவில்லை. அதிகாரிகள் சொல்லவில்லை. மிம்பரில் நிற்கும் நாமும் இதுவரை சொல்லவில்லை. அந்த வாசலைக் காட்டுவதற்காகவே இந்தத் தலையங்கம்.

முத்து தந்த பாடம்

காயல்பட்டினம், குலசேகரப்பட்டினம், தூத்துக்குடி, அப்பால் கீழக்கரை என்று நீளும் இந்தக் கரை வணிகத்தால் வாழ்ந்த கரை. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் வியந்து எழுதிய 'காயல்' நம்முடைய காயல்தான். முத்தும் குதிரையும் துணியும் நம் முன்னோர்களின் கைவழியே கடல் கடந்தன.

அந்த முத்து எங்கே போயிற்று? தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பின் கடல் தரவில்லை. கடல் தரும் என்று காத்திருந்தவர்கள் காத்தே இருந்தார்கள். 1973-ல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். யாருடைய செலவில்? அரசின் செலவில், அதாவது மக்களின் செலவில். நம் வீட்டு வாசலில், நம் பரம்பரைத் தொழிலில், பொதுப்பணத்தில் ஒரு புதிய வித்தை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக முத்தை எடை போட்டு விற்ற நம்மில் எத்தனை பேர் அங்கே போய், "அதை எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டோம்?

இன்று பால் தொழிலில் அதே நிலை திரும்புகிறது. உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 கோடியே 90 லட்சம் டன் பால் இந்த நாட்டில் கறக்கப்பட்டது. இந்தத் தொழிலில் புதிய கருவி, புதிய தீவனம், புதிய பண்டம் கொண்டுவருகிறவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. கேட்கத் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். நாமோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள்?" என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மானியம் பிச்சையா?

சில பெரியவர்கள் கேட்கிறார்கள்: "நாம் வியாபாரிகள். கையேந்தலாமா? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு தெரியாதா?"

நல்ல கேள்வி. அந்த வரலாற்றையே பார்ப்போம். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்த அவர்களை, சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரராக இணைத்தார்கள். சஅத் (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அதை ஏற்காமல் அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார்கள். போனார்கள். விற்றார்கள். மாலையில் லாபத்தோடு திரும்பினார்கள். இந்த அறிவிப்பை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த லாபம் என்ன பண்டமாக வந்தது என்பதைக் கவனித்தோமா? உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும்! மதீனாவின் மாபெரும் வணிகர் தொடங்கியதே பால்பொருளில்தான்.

அவர்கள் மறுத்தது ஒரு தனி மனிதரின் சொத்தை. அரசின் கருவூலம் அப்படியல்ல. அது பொதுச்சொத்து. நீங்கள் வாங்கும் சோப்பிலும், பிஸ்கட்டிலும், செல்போனிலும், பெட்ரோலிலும் வரி கட்டுகிறீர்கள். கடை வைத்திருக்கும் வியாபாரி மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கிறார். அந்தப் பணம் சேர்ந்துதான் மானியமாக வெளியே வருகிறது. நம் பங்கும் கலந்த பணத்தை முறையாகக் கேட்பது பிச்சையல்ல. கேட்காமல் இருப்பது பெருந்தன்மையும் அல்ல, அலட்சியம்!

உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சி ஹிஜ்ரி 99 முதல் 101 வரை. இராக்கின் ஆளுநர் பைத்துல்மாலில் பணம் மிஞ்சியிருப்பதாக எழுதினார். கடன்பட்டவர்களின் கடனை அடைக்கச் சொன்னார்கள். பிறகும் மிஞ்சியது. வசதியற்ற இளைஞர்களுக்கு மணமுடித்து வைக்கச் சொன்னார்கள். பிறகும் மிஞ்சியது. அப்போது என்ன கட்டளை வந்தது? நிலவரி செலுத்தும் முஸ்லிமல்லாத குடிமக்களில், நிலத்தைப் பயிரிட வசதியில்லாதவர்களுக்குக் கருவூலத்திலிருந்து பணம் கொடுங்கள் என்று! வட்டி இல்லை. மதம் பார்க்கவில்லை. உழைக்கத் தயாராக இருந்தவரின் கையில் முதல் போய்ச் சேர்ந்தது. ஓர் அரசு தொழிலுக்குப் பணம் தரும் முறைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எது?

கெய்ராவில் நடந்தது என்ன?

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் பால் வியாபாரிகளின் சுரண்டலைத் தாங்க முடியாத விவசாயிகள் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் 1946-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். குளிர்காலத்தில் பால் மிஞ்சும். மிஞ்சிய பாலைப் பவுடராக்க வேண்டும். ஆனால் எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். எச்.எம். தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார்.

அந்தத் தொழிற்சாலைக்கான இயந்திரங்களில் ஒரு பகுதியை ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் நன்கொடையாகத் தந்தது. சும்மா தரவில்லை. அந்த வட்டாரத்து ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பால் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தது. 1955-ல் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதுதான் பின்னாளில் நாடறிந்த அமுல்.

1970-ல் 'வெண்மைப் புரட்சி' தொடங்கியபோதும் இதே கதைதான். ஐரோப்பிய நாடுகள் உலக உணவுத் திட்டத்தின் வழியே 1,26,000 டன் பால்பவுடரையும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயையும் இலவசமாகக் கொடுத்தன. அதை அப்படியே தின்று தீர்த்திருந்தால் நம் பால்காரர்கள் அழிந்திருப்பார்கள். அதைப் பாலாக்கி விற்று, வந்த பணத்தில் பால் பண்ணைகளும் குளிரூட்டும் நிலையங்களும் கட்டினார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? உதவி, ஒன்றுசேர்ந்து நின்றவர்களைத் தேடி வந்தது. ஒரு வித்தையைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. வந்ததை அவர்கள் அமானிதமாகப் பயன்படுத்தினார்கள்.

இரண்டு வகை மானியம்

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். மானியம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நம் பிள்ளைகள் வங்கி வாசலோடு திரும்பி வருகிறார்கள்.

முதல் வகை, கடனோடு ஒட்டிய மானியம். 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். பாலிலிருந்து பண்டம் செய்பவர்களும் இதில் வருவார்கள். 2008 முதல் நடந்துவரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவினர். கிராமத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம். கைமுதல் 5 சதவீதம் போதும். இந்த இரண்டிலும் வங்கிக் கடன் கட்டாயம். மானியப் பணம் 3 ஆண்டுகள் வங்கியில் தனியே நிற்கும். பிறகுதான் உங்கள் கடனில் கழியும். மீதிக் கடனுக்கு வட்டி உண்டு. 2020-ல் 15,000 கோடியில் அறிவிக்கப்பட்ட கால்நடை உள்கட்டமைப்பு நிதியோ வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும் திட்டம். வட்டியே வேண்டாம் என்பவருக்கு வட்டிச் சலுகையால் என்ன பயன்? சிறுபான்மையினருக்கென்றே 1999-ல் அமைக்கப்பட்ட டாம்கோ கறவை மாட்டுக்கும் கடன் தருகிறது. அதுவும் வட்டிக் கடன்தான்.

வட்டி ஹராம். அதில் இரண்டு கருத்து இல்லை. வட்டி விகிதம் குறைவு என்பதால் அது ஹலால் ஆகிவிடாது. ஆகவே அந்த இளைஞர் ஃபைலை மூடியதில் தவறில்லை. தவறு, அத்தோடு எல்லா வாசலும் மூடிவிட்டதாக நினைத்ததில்தான்.

இரண்டாம் வகை, கடனில்லாமலும் கிடைக்கும் மானியம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

2021-ல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம் ஆடு வளர்ப்புக்கும், ஊறுகாய்ப்புல், தீவனக் கட்டி, கலப்புத் தீவனம் தயாரிக்கும் தொழிலுக்கும் செலவில் 50 சதவீதத்தை மானியமாகத் தருகிறது. உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். மீதிப் பாதியை வங்கிக் கடனாகவும் திரட்டலாம், சொந்த முதலாகவும் போடலாம்! சொந்த முதல் என்றால் வங்கியின் மதிப்பீடு, வங்கி உத்தரவாதம் முதலிய நிபந்தனைகள் உண்டு. முதலில் நீங்கள் செலவு செய்து வேலையைக் காட்ட வேண்டும். அதிகாரிகள் பார்த்த பிறகே பணம் வரும், அதுவும் இரண்டு தவணையாக. நிலம் வாங்கவோ அன்றாடச் செலவுக்கோ தரமாட்டார்கள். சிரமம்தான். ஆனால் வட்டி கட்டாமல் நுழைய வழி இருக்கிறது.

புதிய யோசனை வைத்திருப்பவர்களுக்குத் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 'புத்தாக்கச் சீட்டு' தருகிறது. 2 லட்சம் வரை ஒன்று, 5 லட்சம் வரை மற்றொன்று. ஒரு கருவியையோ பண்டத்தையோ கல்லூரி, ஆய்வுக்கூட உதவியோடு உருவாக்கிச் சோதிக்க இந்தப் பணம். 'ஸ்டார்ட்அப் டி.என்.' அமைப்பின் 'டான்சீட்' விதை நிதி 10 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனாவில் விவசாயம் சார்ந்த புதுத் தொழில்களுக்கு யோசனை நிலையில் 5 லட்சம் வரை, தொழில் நிலையில் 25 லட்சம் வரை. இவை எதுவும் வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன் அல்ல.

இவற்றில் பல 2025-26ஆம் நிதியாண்டு வரை என்று அறிவிக்கப்பட்டவை. திட்டங்களின் பெயரும் தொகையும் மாறும், புதுப்பிக்கப்படும். ஆகவே மனுப் போடும் முன், மாவட்டத் தொழில் மையத்திலும் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலும் நேரில் போய் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. புரோக்கரும் தேவையில்லை.

நம் கரையில் என்ன தொழில்?

"மானியம் சரி ஹஜ்ரத், பத்து மாடு வாங்கிக் கட்டினால் போதுமா?" என்று கேட்பீர்கள். மாடு வளர்த்துப் பழக்கமில்லாதவன் பத்து மாடு வாங்கினால் ஒரே வருடத்தில் பத்தும் கசாப்புக்குப் போகும். நம் பலம் எது? வாங்கி, சேர்த்து, தரம் பிரித்து, கொண்டுபோய் விற்பது. அந்தப் பலத்துக்கு ஏற்ற இடத்தில் நுழைய வேண்டும்.

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தால் ஆபத்தானவை என்று கண்டது வெறும் 12 மாதிரிகள். ஆனால் 368 மாதிரிகளில் 'அஃப்ளாடாக்சின்' என்னும் நச்சு அளவுக்கு மேல் இருந்தது. அதில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடு! இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் அந்த நச்சு. அது எங்கிருந்து வருகிறது? பால்காரர் ஊற்றும் தண்ணீரிலிருந்து அல்ல. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, ஈரத்தில் கெட்ட சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றை மாடு தின்கிறது. அந்த நச்சு பாலில் இறங்குகிறது. நம் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து கலப்பற்ற பாலை வெளிப்படுத்துவதைத் தன் அத்தாட்சியாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் இறைவன் சுட்டிக்காட்டுகிறான். அவன் தூய்மையாகத் தருவதை நம் தீவனம் கெடுக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசல் நிலங்களில் மழையை நம்பி மக்காச்சோளமும் சோளமும் விளைகின்றன. அறுவடை முடிந்ததும் தட்டை மலிந்து கிடக்கும். கோடை வந்தால் அதே தட்டைக்கு மாட்டுக்காரர் அலைவார். மலிந்த காலத்தில் வாங்கி, நன்றாகக் காயவைத்தோ காற்றுப் புகாமல் ஊறுகாய்ப்புல்லாக அடைத்தோ வைத்து, சோதித்துச் சீட்டு ஒட்டி, கோடையில் நியாய விலைக்கு விற்பது ஒரு முழுத் தொழில். இது பதுக்கல் அல்ல. கெட்டுப்போகும் பொருளைக் காப்பாற்றி, தேவையான காலத்தில் சந்தைக்குத் தருவது. குடோன் வைத்து உப்பும் பருப்பும் வணிகம் செய்தவர்களுக்கு இது புரியாத வித்தையா? மேலே சொன்ன 50 சதவீத மானியம் இந்தத் தொழிலுக்குத்தான்.

இன்னும் சில உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் பெற்றது. நம் உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் பெற்றது. அந்தக் கருப்பட்டியையும் நல்ல பாலையும் சேர்த்து, கெடாமல் நிற்கும் ஒரு பானத்தையோ இனிப்பையோ உருவாக்கி நாடெங்கும் அனுப்ப நம்மில் ஒருவர் முயலக் கூடாதா? அதைச் சோதிக்கத்தான் புத்தாக்கச் சீட்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. ஐஸ்கிரீமுக்கு 18-லிருந்து 5. பாக்கெட் பனீருக்கு வரியே இல்லை. வியாபாரிகள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படித்த பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. பாலில் யூரியா, சோப்புத்தூள், ஸ்டார்ச் கலந்திருந்தால் 30 விநாடியில் நிறம் மாறிக் காட்டும் காகிதக் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உருவாக்கியிருப்பதாக 2023-ல் செய்தி வந்தது. இதுபோன்ற ஒன்றை நம் ஊர் என்ஜினீயரிங் மாணவர் ஏன் செய்யக்கூடாது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! மாவட்டமே தீவுகளாகத் துண்டுபட்டது. கொட்டகையில் கட்டிய மாடுகள் கட்டிய கயிற்றோடு மடிந்தன. குழந்தைகளுக்குப் பால் இல்லாமல் வெளியூர் வண்டிகளை எதிர்பார்த்து நின்றோம். ஒரு வட்டாரத்தில் பாலும் தீவனமும் கையிருப்பில் இருப்பது லாபக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கு என்பதை அந்த இரண்டு நாட்கள் நமக்குக் காட்டவில்லையா?

பாலில் தண்ணீர், பில்லில் பொய்

இனி அந்தப் புரோக்கர் காட்டிய வாசல். இல்லாத மாட்டுக்குப் போட்டோ காட்டி வாங்கும் மானியம் திருட்டு. அரசாங்கத்தை ஏமாற்றுவது குற்றமில்லை என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அது கோடிக்கணக்கான மக்களின் பணம். தனி மனிதனை ஏமாற்றினால் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். பொதுப்பணத்தைத் திருடியவன் மறுமையில் எத்தனை கோடிப் பேரிடம் கேட்பான்?

உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டில் தாய், பாலில் தண்ணீர் கலக்குமாறு மகளிடம் சொல்கிறாள். கலீஃபா தடுத்திருக்கிறாரே என்கிறாள் மகள். உமர் இங்கே பார்க்கவா போகிறார் என்கிறாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய இறைவன் பார்க்கிறானே என்று மறுத்துவிடுகிறாள் அந்தப் பெண். அந்த இறையச்சத்தைக் கேட்ட கலீஃபா, அவளைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகளின் மகன் யார் தெரியுமா? உழவருக்கு வட்டியில்லாமல் கருவூலப் பணம் கொடுக்கச் சொன்னார்களே, அந்த உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்தான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன!

பாலில் தண்ணீர் கலக்க மறுத்த ஒரு ஏழைப் பெண்ணின் வழியில், பொதுப்பணத்தைக் கண்போல் காத்த ஆட்சியாளர் வந்தார். பில்லில் பொய் எழுதுகிறவனின் வழியில் என்ன வரும்? சிந்தியுங்கள்.

இளைஞனே! வியாபாரியே! ஜமாஅத்தே!

இளைஞர்களுக்கு: முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போய்ப் பேசுங்கள். ஆறு மாதம் ஒரு பால் சொசைட்டியிலோ தீவனக் கடையிலோ சம்பளத்துக்கு நில்லுங்கள். கணக்கெழுதப் பழகுங்கள். மனுவையும் திட்ட அறிக்கையையும் உங்கள் கையாலேயே தயாரியுங்கள். ஒரு முறை தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, திருத்தி, மறுபடியும் போடுங்கள்.

வியாபாரிகளுக்கு: சொந்த முதல் போட்டால் கடனின்றி மானியம் வாங்கலாம் என்றால், அந்தச் சொந்த முதல் எங்கிருந்து வரும்? ஒரு இளைஞனிடம் இல்லாதது நான்கு வியாபாரிகளிடம் சேர்ந்தால் இருக்கும். லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு என்ற முஷாரகா, ஒருவர் பணம் மற்றவர் உழைப்பு என்ற முளாரபா, இவை மதரஸாவில் ஓதிவிட்டு மூடிவைக்கும் பாடங்களா? கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் கரையும் பணத்தில் பாதி போதும், ஒரு தீவன ஆலைக்கு! ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்னது நம் வேதம். மாமன் மச்சான் என்று வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டுகள் கோர்ட்டில் முடிவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஜமாஅத்துகளுக்கு: வாரத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, படித்த நான்கு பேர் பள்ளிவாசலில் உட்கார்ந்து மனு எழுத உதவுங்கள். உங்கள் ஊர் எல்லையில் எந்தெந்த மானியத்துக்கு எத்தனை பேர் மனுச் செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். "நமக்குத் தரமாட்டார்கள்" என்ற பேச்சு உண்மையா, நாம் கேட்கவே இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். தரவில்லை என்றால் எண்ணிக்கையோடு போராடலாம். கேட்கவில்லை என்றால் நம்மை நாமே திருத்திக்கொள்ளலாம்.

அரசுக்கும் ஒரு சொல்

மத்திய, மாநில அரசுகளுக்கு நமது கோரிக்கை இதுதான். தீவனத்துக்கும் ஆட்டுக்கும் சொந்த முதலோடு மானியம் தர முடியும் என்றால், பால் பதப்படுத்தும் சிறு தொழிலுக்கும் அப்படியே தர என்ன தடை? கடன் வாங்கினால்தான் மானியம் என்பது, வட்டியை விலக்கி வாழும் ஒரு சமுதாயத்தை அதன் சொந்த வரிப்பணத்திலிருந்து விலக்கி வைப்பதாகும். சட்டத்தில் நம் பெயரைச் சிறப்புப் பிரிவில் எழுதிவிட்டு, வாசலில் வட்டியைக் காவலுக்கு நிறுத்தினால் அந்தச் சலுகை யாருக்கு? வங்கி மதிப்பீடு செய்யட்டும். அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கட்டும். கணக்கைத் துருவித் துருவிக் கேட்கட்டும். ஆனால் கூட்டு முதலில் நடக்கும் தொழிலையும் மானியத்துக்குத் தகுதியாக்க வேண்டும். டாம்கோவிலும் வட்டியில்லாப் பங்கு முறை ஒன்றைத் தொடங்க வேண்டும். இது நமக்கு மட்டுமான சலுகை அல்ல. கடனுக்கு அஞ்சும் ஒவ்வொரு ஏழை விவசாயிக்கும், வங்கியில் அடமானம் வைக்க எதுவும் இல்லாத ஒவ்வொரு மீனவச் சகோதரனுக்கும் இது பயன்படும்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "தம்பி, நீங்கள் மூடிய வாசல் மூடியே இருக்கட்டும். அந்தப் புரோக்கரை மறுபடியும் வீட்டுப் படி ஏற விடாதீர்கள். நாளை காலை மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். சொந்த முதலுக்கு மானியம் எதில் உண்டு என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்." போய்விட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கரிசல் பக்கம் தட்டை விலை விசாரிக்க இப்போது பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார். அவரோடு பங்கு சேர இரண்டு வியாபாரிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் தேவை.

கடல் முத்துத் தரும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். எழுந்து நடப்போம், கேட்போம், பெற்றதை அமானிதமாகக் காப்போம். வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் பாலில் தூய்மையையும், நம் கணக்கில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.